முளைப்பாரிக் கையும் கொழிஞ்சி விதையும்

எழுதுகிறவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்காருவதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டது ரேஷன் கடையிலும் பாங்கியிலும் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும்போதுகூட வட்டத்துக்குள் போகாமல் தண்ணீர்க் குடத்துக்குக் காவல் இருக்கிறேன் என்று ஒதுங்கி நிற்பேன். இப்படிப்பட்டவளுக்கு ஒரு பூவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

பூ என்றதும் ரோஜா, மல்லிகை என்று நினைக்க வேண்டாம். கொழிஞ்சிப் பூ. காரைக்குடியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையின் இரண்டு ஓரத்திலும் சரளை மண்ணில் நிற்கும். முழங்கால் உயரம். பொடிப்பொடி இலை. அந்த இலையைக் கிள்ளி இழுத்தால் நேராகக் கிழியாமல் அம்பு முனை மாதிரிக் கிழியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைக் கிழித்து விளையாடிக்கொண்டே நடப்பார்கள். பூ சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். நிறம் கத்தரிப் பூவுக்கும் ரோஸுக்கும் நடுவில். உளுந்து, பாசிப்பயறு இனத்தைச் சேர்ந்தது என்பதால் காயும் சின்ன அவரைக்காய் மாதிரிதான். யாரும் அதை விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை. சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் இளகும்போதும் அது பச்சையாக நிற்கும். நானும் நாற்பது வருஷம் அதைத் தாண்டித் தாண்டிப் போனவள்தான்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல் உண்டு. கண்மாயின் கடைமடையில் இருப்பதால் கண்மாய் நிறைந்தால்கூடத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்து சேராது. ரொம்ப வருஷமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஆத்தங்குடிக் கல் என்கிற பூப்போட்ட தரைக்கல் பதிக்கிறவர். கண்டனூரில் பெரிய வீடுகளுக்கு மராமத்து நடந்தால் கூப்பிடுவார்கள். மதுரை, சென்னை என்றும் போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டு வருவார். மண்டிபோட்டே வேலை செய்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இன்னும் சில வருஷத்தில் கல் பதிக்க முடியாது, அப்புறம் நம் வயல்தான் நமக்கு என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பில்தான் கருவேலத்தை எடுக்க முடிவு செய்தார்.

எடுத்துக் கொடுத்தவர் அவருடைய சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன் முறை. ஜேசிபி, டிராக்டர், டிப்பர் லாரி எல்லாம் வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். அண்ணன் வயல் என்பதால் மற்றவர்களுக்குச் செய்வதைவிட ஒரு படி கூடுதலாகச் செய்தார். ஒரு வேர்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று மேல்மண்ணையும் சேர்த்து வழித்து, தூரோடு லாரியில் ஏற்றி அப்புறப்படுத்திவிட்டார். வேலை முடிந்த அன்றைக்கு வயலைப் பார்த்தால் தரை போட்ட கூடம் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் சந்தோஷம் தாங்காமல் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து நடுவயலில் வைத்துப் பார்த்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. கல் பதிக்கிறவர் கண்ணுக்குச் சமமாக இருப்பதெல்லாம் நல்லதாகத்தானே தெரியும். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆவணியில் புழுதியில் நெல் விதைத்தோம். மழைக்கு முளைத்தது. கணுக்கால் உயரம் வந்ததும் மஞ்சளடித்து அப்படியே நின்றுவிட்டது. மார்கழியில் பக்கத்து வயல்களில் கதிர் தலை சாய்ந்தபோது எங்கள் வயலில் விளக்குமாற்றுக் குச்சிதான் இருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் ஆட்டை விட்டு மேய்க்கச் சொல்லிவிட்டார். தைப்பொங்கலுக்குக் கடை அரிசியில் பொங்கினோம். பொங்கல் பானை பொங்கி வழிந்தபோது அவர் குலவை போடச் சொல்லவில்லை, நானும் போடவில்லை.

மாட்டுப்பொங்கல் அன்று கொழுந்தன் வந்தார். இரண்டு பேரும் வயலுக்குப் போனார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். கொழுந்தன் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். கல்லில் பட்டது போல் கணீரென்று சத்தம் கேட்டது. விரல்கடை அளவுகூட இறங்கவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக. இது வெளையிற மண்ணு இல்ல, கிராவலு. மனை மேடு பண்றவுக எல்லாம் இந்த மண்ணத்தான் கேக்குறாக. சும்மா போட்டு வச்சு என்ன செய்யப் போறீக? நான் அள்ளிக்கிறேன். அள்ளுன பள்ளத்துல தண்ணி நின்டா மதினி துணி தொவைக்கட்டும்."

என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, தலையாட்டப் போகிறார். மண்ணை அள்ளிவிட்டால் அது குழி. அப்புறம் வயல் என்று சொல்ல எங்களுக்கு ஒன்றும் இருக்காது. முழங்கால் நின்றுபோன பிறகு அவர் எங்கே போய் நிற்பார் என்ற கவலையில் என் வாய் தன்னால் திறந்துகொண்டது.

"ஒரு வருசம் எனக்கு விடுங்க."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்யப் போகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கே தெரியவில்லை, அதையே சொன்னேன். கொழுந்தன் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. கடப்பாரை பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் ஜாஸ்தி, ஆடியில் முளைப்பாரி முடியட்டும், அதுவரைக்கும் கிடக்கட்டும், அன்றைக்கு முடிவு சொல்கிறேன் என்று கொழுந்தனிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வயலைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை.

மாசியில் ஒருநாள் தனியாகப் போய் வயலில் நின்றேன். ஜேசிபி திரும்ப முடியாத மூலையில், எல்லைக்கல்லை ஒட்டி ஒரே ஒரு கொழிஞ்சிச் செடி நின்றது. சுற்றிலும் மண் காய்ந்து வெடித்துக் கிடக்க அது மட்டும் பூவும் காயுமாக இருந்தது. சும்மா பிடித்து இழுத்துப் பார்த்தேன். தண்டு ஒடிந்து கையோடு வந்தது, வேர் வரவில்லை. கடப்பாரை இறங்காத மண்ணில் இந்த வேர் எப்படி இறங்கியது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நெல் விதைக்கிறவர்கள் முன்பெல்லாம் கொழிஞ்சியை வெட்டிப் போட்டு உழுவார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்டிக் கொண்டுவந்து போடுவதற்குப் பதில் வயலிலேயே வளர்த்தால் என்ன? வேர் மண்ணை உடைக்கும், தழை மண்ணுக்குச் சோறு. அவ்வளவுதான் என் யோசனை.

விதை சேர்க்கத் தொடங்கினேன். நேமத்தான்பட்டி போகிற பாதை, கண்மாய்க் கரை, ரோட்டோரம் என்று எங்கே காய் முற்றியிருந்தாலும் பறித்து மடியில் போட்டுக்கொள்வேன். எங்கள் தெருவில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா உண்டு. முளைப்பாரி போடுவதில் எனக்குக் கூட்டாளி. அவர் பார்த்துவிட்டு, மருந்துக்கா என்று கேட்டார். வயலுக்கு என்றேன். "வயலுக்குக் களைய வெதைக்கிறவள இப்பத்தான்டி பாக்குறேன்" என்றார்.

முதலில் காயை முறத்தில் போட்டு வெயிலில் வைத்தேன். உச்சிவெயிலில் பட்டாசு வெடிப்பது போல் ஒவ்வொரு காயும் முறுக்கிக்கொண்டு வெடித்தது. விதை வாசலெல்லாம் தெறித்தது. கோழிக்குத்தான் கொண்டாட்டம். மறுபடி காலைப் பனியில் காய் பதமாக இருக்கும்போதே பறித்து, பழைய கொசுவலையால் மூடிக் காய வைத்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில் புள்ளி போட்ட விதை. ஒரு தூக்குச்சட்டி நிறையச் சேர்ந்தது.

இந்த இடத்தில் என் முளைப்பாரிக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஊரில் இருக்கும் ஒரே பெயர் அதுதான். முளைப்பாரி என்றால், அம்மன் திருவிழாவுக்குப் பல வகைத் தானியத்தை ஊறவைத்து, எருவும் வைக்கோலும் நிரப்பிய மண் ஓட்டில் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்து வளர்ப்பது. திருவிழா அன்று பொன் நிறத்தில் முழ நீளம் வளர்ந்திருக்கும். அதைத் தலையில் சுமந்துபோய்க் கடைசியில் ஊருணியில் கரைத்துவிடுவோம். யார் முளைப்பாரி உயரம் என்று ஊரே பார்க்கும். என்னுடையது வருஷா வருஷம் உயரமாக வரும். நான் வாய் திறக்காவிட்டாலும் என் முளைப்பாரி எனக்காகப் பேசும்.

அந்தத் திமிரில் கொழிஞ்சியையும் முளைப்பாரி மாதிரியே வளர்க்கத் தொடங்கினேன். பாதி விதையை எடுத்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். நல்ல எருவை இடித்துச் சலித்து ஓடுகளில் நிரப்பினேன். அடுப்படிக்குப் பின்னால் இருட்டில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். குளிக்காமல் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லாம் முறைப்படி செய்தும் முளை எட்டிப் பார்க்கவே இல்லை. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் தெளித்தேன். எருவில் பூஞ்சை பிடித்து நாற்றம் வந்தது. கிளறிப் பார்த்தால் முக்கால்வாசி விதை போட்டது போட்டபடி கல் மாதிரிக் கிடந்தது. பாலைவனத்தில் பிழைக்கிறதைப் பச்சைக்குழந்தை மாதிரிக் குளிப்பாட்டி வைத்திருக்கிறேன். என் கையால் விதைத்து முளைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. அக்காவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று, ஓடுகளைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன்.

நான் கொட்டிய இடத்தை ஒட்டி, என் வீட்டுக்காரர் வேலை செய்த வீடுகளில் கழித்துப்போட்ட ஆத்தங்குடிக் கற்களை அடுக்கியிருந்தார். மூளியானது, நிறம் மங்கியது என்று பல தினுசு. கிணற்றடிக்குப் போகும் பாதையில் அவற்றைப் பதிக்க நினைத்து, வேலை இல்லாத நாட்களில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒட்டியிருந்த பழைய சாந்தைப் போக்க மணலைப் போட்டுக் கல்லோடு கல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பார். சித்திரையில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தது. ஒரு வாரம் போயிருக்கும். காலையில் அவர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"இந்தா, இங்குட்டு வா. இது என்னது, உன் மொளைப்பாரியா?"

கல் தேய்த்த இடத்தைச் சுற்றி, மணலும் சாந்துப் பொடியும் வழிந்து கிடந்த இடத்தில் மட்டும் கொழிஞ்சி முளைத்திருந்தது. ஓட்டைக் கொட்டிய குவியலில் ஒன்றிரண்டுதான். கல்லுக்கு அடியில் சிக்கி அரைபட்டதெல்லாம் இரண்டு இலை விட்டு நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முளைக்காத விதை ஒன்றைப் பொறுக்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தோலு கெட்டி. வழுவழுன்னு இருக்கு, தண்ணி எப்படி உள்ள போகும்? கல்லுக்கு மேல்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு, அதுல சிமெண்டு ஒட்டுமா? பின்பக்கம் சொரசொரன்னு இருக்கப் போயித்தான் பிடிக்கிது. இதையும் சொரசொரப்பாக்கணும்."

பொங்கலுக்குப் பிறகு அவர் என்னிடம் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான்.

உள்ளே போய் மிச்ச விதை இருந்த தூக்குச்சட்டியை அவரே எடுத்து வந்தார். ஒரு கல்லைக் குப்புறப் போட்டு, பின்பக்கச் சொரசொரப்பின் மேல் ஒரு கை பெருமணலும் ஒரு கை விதையும் போட்டு, பூச்சு வேலைக்குத் தேய்க்கும் மரக்கட்டையால் வட்டமாகத் தேய்த்தார். முதல் தடவை அழுத்திவிட்டதில் விதை இரண்டாகப் பிளந்தது. அமுக்காதீக, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேயுங்க என்றேன். அப்புறம் பதம் வந்தது. விதையின் மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்தால் போதும். ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பார்த்தோம். மறுநாளே ஊதிக்கொண்டு நின்றது. அதை வந்து பார்த்துவிட்டுப் போனவர் சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை மறுபடி வந்து பார்த்தார். எல்லா விதையையும் தேய்த்து முடிக்க அவருக்கு வேலை இல்லாத நாளெல்லாம் ஆனது. தேய்க்கிறது அவர், புடைக்கிறது நான்.

வைகாசியில் இன்னொரு மழை விழுந்த ஈரத்தில் கொழுந்தனே டிராக்டர் கொண்டுவந்து மேலாக்கக் கீறிவிட்டார். கலப்பை மண்ணை வாரவில்லை, நகத்தால் பிறாண்டினது மாதிரிக் கோடு கோடாகப் போட்டது. நான் விதையை மணலோடு கலந்து விசிறினேன்.

"என்ன மதினி, கிராவலுக்குக் கடுகு தாளிச்சுக் கொட்டுறீகளா?"

விசிறிக்கொண்டே போனேன்.

முளைத்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்றாகத்தான் முளைத்தது. பிறகு மழை வரவே இல்லை. ஆனி வெயில் ஏறியது. என் முளைப்பாரிக் கை சும்மா இருக்குமா? இரண்டு குடம் தண்ணீரைச் சுமந்துபோய் வரப்போரத்துச் செடிகளுக்குத் தெளித்துவிட்டு வந்தேன். பத்துப் பதினைந்து நாள் அப்படிச் செய்தேன். தண்ணீர் குடித்ததெல்லாம் கொழுகொழுவென்று மேலே வந்து, ஒரு காற்றுக்குப் படுத்துக்கொண்டது. பூச்சியும் அதைத்தான் தேடி வந்தது. நான் எட்டிப் பார்க்காத நடுவயல் செடி உயரமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். மேலே நாலு விரல்தான், கீழே ஒரு சாணுக்கு மேல் வேர் போயிருந்தது. அன்றைக்குக் குடத்தைக் கவிழ்த்து வைத்தேன். அதை வளர்ப்பதில் நான் கற்றுக்கொண்டது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். சொல்வதற்கு லேசாக இருக்கிறது.

ஒருநாள் ஆட்டுக்கிடை உள்ளே இறங்கிவிட்டது. குச்சியை எடுத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினேன். ஆடு ஒவ்வொன்றும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரத்துப் புல்லுக்குப் போனது. ஆடு மேய்க்கிறவர் வரப்பில் உட்கார்ந்தபடியே, "ஓடியாராத தாயி. இதத் தின்னச் சொன்னா ஆடு என்னையத்தான் வையும்" என்றார்.

ஆனிக் கடைசியில் ஒரு மழை. அவ்வளவுதான் அது கேட்டது. ஆடி பிறந்ததும் வயல் மூடிக்கொண்டது. தரை தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பூ. ரோட்டோரத்தில் ஒன்றும் இரண்டுமாகப் பார்த்த பூ ஒன்றரை ஏக்கருக்குச் சேர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெயில் ஏறும் முன்னால் பார்த்தால் வயலின் மேல் ஊதாப் புகை நிற்பது போல் இருக்கும். தேனீ இரைச்சல் ரோடு வரைக்கும் கேட்கும். அவர் வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டு தினமும் வயல் பக்கமாக வண்டியை விட்டார். சுற்றுவழி.

கண்டனூரில் அவர் அப்போது வேலை பார்த்த வீட்டின் சொந்தக்கார ஆச்சி, தரை வேலையைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்தார். திரும்பிப் போகும்போது எங்கள் வயலருகே காரை நிறுத்தி இறங்கிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் வயலில்தான் இருந்தோம். நான் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து களை எடுப்பது போல் நின்றுகொண்டேன். என்ன பூ, யார் வளர்த்தது என்று ஆச்சி கேட்டார்.

"கொழிஞ்சி ஆச்சி. எங்க வீட்ல வளத்தது" என்று அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "கடப்பாரை போகாத மண்ணு ஆச்சி இது."

அவர் போட்ட தரைகளை எத்தனையோ பேர் பாராட்டி நான் கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார். அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து நின்று சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. குனிந்தவள் நிமிரவே இல்லை.

அடுத்த வாரம் மருமகளைக் கூட்டி வருகிறேன், போட்டோ எடுக்க ஆசைப்படுவாள் என்றார் ஆச்சி. அடுத்த வாரம் இருக்காது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். முளைப்பாரி முடிந்ததும் ஒன்று உழுதுவிடுவோம், இல்லாவிட்டால் லாரி வந்து அள்ளிவிடும் என்றார். இவ்வளவு பூவையுமா என்று ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். பூவில் இருக்கும்போது உழுதால்தான் தழை இளசாக இருந்து மண்ணோடு மக்கும். காய் பிடித்துவிட்டால் தண்டு முற்றிக் கட்டையாகிவிடும். அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஆனால் லாரி என்ற சொல் அதற்குப் பிறகு என்னைத் தூங்கவிடவில்லை. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

முளைப்பாரி வந்தது. அந்த வருஷம் என்னுடையது குட்டை. வயலே கதியென்று கிடந்ததில் இரண்டு நாள் தண்ணீர் தெளிக்க மறந்திருக்கிறேன். அக்காவுடையதுதான் உயரம். தலையில் வைத்துக்கொண்டு நடக்கும்போதே பக்கத்தில் வந்து இடித்தார். "என்னடி, ஓட்டுல வளக்க வேண்டியதெல்லாம் வயக்காட்டுல வளத்துட்டியா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முளைப்பாரி குட்டையாகப் போனதற்குச் சிரித்தவள் எங்கள் ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

ஊருணியில் முளைப்பாரியைக் கரைத்துவிட்டுப் படியேறும்போது அக்கா என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். உழுதாலும் போகும், அள்ளினாலும் போகும், எப்படியும் அந்தப் பூ நாளைக்கோ மறுநாளோ இருக்காது என்றேன்.

"இப்பக் கரைச்சியே, அதுக்கு அழுதியா? பூ போனாப் போகுது. மண்ணு போகாமப் பாரு."

வீட்டுக்குப் போகாமல் ஈரச்சேலையோடு வயலுக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஏற்கெனவே வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். முடிவு கேட்கக் கொழுந்தன் வந்துவிட்டார். லாரியைக் கொண்டு வரவில்லை, மோட்டார் சைக்கிளில்தான் வந்திருந்தார் என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக் கொழுந்தன் கையில் கொடுத்தார். மாட்டுப்பொங்கலன்று கடப்பாரையைப் போட்ட இடத்திலேயே ஒரு வெட்டு வெட்டிப் பார் என்றார். கொழுந்தன் செடியை ஒதுக்கி, கடப்பாரையை ஓங்கிய அதே பலத்தோடு ஓங்கினார். மண்வெட்டி பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. போன வேகத்தில் கொழுந்தனும் ஓர் அடி முன்னால் போய்த் தடுமாறினார். கட்டியைப் புரட்டினால் உதிர்ந்தது. மண்புழு ஒன்று நெளிந்தது. என் வீட்டுக்காரர் ஒரு செடியை வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக் காட்டினார். வேர் நெடுக மணி மணியாக முடிச்சு. ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே சிவப்பு. பயறு இனத்து வேரில்தான் அப்படி இருக்கும், உரம் அதில்தான் இருக்கிறது.

கொழுந்தன் மண்ணைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அப்ப என் லாரிக்கு மண்ணு இல்லங்குறீகளா மதினி?"

அவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

"மண்ணு இருக்கு தம்பி. லாரிக்கு இல்ல."

கொழுந்தன் சத்தமாகச் சிரித்துவிட்டார். "அண்ணே, மதினி பேசுறாகண்ணே" என்றார். அவரும் சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு அந்த வயலில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துவிட்டு, லாரி வேண்டாம், காலையில் டிராக்டரைக் கொண்டா, நல்ல பூவில் இருக்கிறது, நாள் கடத்தக் கூடாது என்று சொன்னார். வரப்பை ஒட்டி ஒரு வரிசையை மட்டும் விதைக்கு விட்டுவிடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். எல்லைக்கல்லுப் பக்கமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர்கள் போன பிறகு இருட்டும் வரைக்கும் அங்கேயே நின்றேன். இரண்டு கை நிறையப் பூவைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டேன். சாமிக்குப் போடுகிற பூ இல்லை, தலையில் வைக்கிற பூவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பதித்து முடித்த கிணற்றடிக் கல் மேல் வைத்தேன். கால் கழுவ வந்த என் வீட்டுக்காரர் அதைத் தாண்டி நின்று கழுவினார்.

மறுநாள் காலை கொழுந்தன் டிராக்டரோடு வந்தார். மத்தியானத்துக்குள் உழுது முடித்துவிட்டார். கலப்பை மண்ணை வாரிப் போட்டது. சாயங்காலம் லேசாகத் தூறல் விழுந்தது.